இரண்டாவது வயலினில் ஒரு தலைவர்

அன்புள்ள ஐயா,

குன்னூர் பக்கத்தில் ஒரு சபையில் வயலின் வாசிக்கிறேன். இரண்டாவது வயலின். எங்கள் குழுவில் வயலின் ஏழு, செல்லோ ஒன்று, புல்லாங்குழல் இரண்டு, வெலிங்டனில் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் வாசிக்கும் கிளாரினெட், அப்புறம் கீபோர்ட். மொத்தம் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். என் அப்பாவே சிறுவயதில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தோடு கூடலூர் வந்தவர்தான்.

எங்களை உருவாக்கிய கொயர் மாஸ்டர் ஐயா, வயதாகிவிட்டதால் மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூர் போகிறார். இனி யார் நடத்துவது என்று சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் பேச்சு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கண்டக்டரை, அதாவது முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்துகிறவரை, கேரல் சர்வீஸுக்கு மட்டும் அழைத்துக்கொள்ளலாம், வாராவாரம் ஆலயத்தைத் திறந்து வைத்து ஒத்திகை எதற்கு என்கிறார்கள் சிலர். கீர்த்தனைகளுக்கு இந்த வெளிநாட்டு வாத்தியங்கள் எதற்கு என்று கேட்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளோ நீங்களே நடத்துங்கள் அக்கா என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் முதல் வயலின்கூட இல்லையே.

லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்து இசைக்குழு கண்டக்டர் இல்லாமல் தொடங்கியது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அது எங்களுக்குப் பொருந்துமா? பெயரை வெளியிட வேண்டாம்.

குன்னூரிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

பொருந்தும். உங்கள் பன்னிரண்டு பேருக்குக் கண்டக்டர் தேவையில்லை. நீங்கள்தான் நடத்த வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் முதல் வயலின் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்களைப் பற்றிய முதல் நல்ல செய்தியாகப் பட்டது.

அந்த லண்டன் குழுவைத் தொடங்கிய நெவில் மரினரைப் பற்றி அன்று சுருக்கமாகத்தான் எழுதினேன். 1958-இல் அவர் லண்டனில் தன் வீட்டு முன்னறையில் சில நண்பர்களைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கியபோது, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் அவர் இருந்த இடம் இரண்டாவது வயலின் வரிசை. அந்த வரிசைக்குத் தலைமை, அவ்வளவுதான். ட்ரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் இசைப் பொறுப்பாளர் ஜான் சர்ச்சில், இவர்கள் வாசிக்க ஆலயத்தில் இடம் கொடுத்தார். 1959 நவம்பர் 13 அன்று முதல் கச்சேரி. கோலோடு முன்னால் நிற்க ஆள் கிடையாது. மரினர் வயலினோடு உட்கார்ந்தபடியே நடத்தினார். தினமும் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் யாரோ ஒருவரின் கையைப் பார்த்து வாசித்துச் சலித்தவர்கள், ஒருவரையொருவர் கேட்டு வாசிக்க ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைதான் அந்தக் குழு. பின்னாளில் குழு பெரிதானபோது மரினர் எழுந்து நின்று கண்டக்ட் செய்தார், உலகப் புகழ் பெற்றார், 2016-இல் 92 வயதில் இறந்தார். இன்று அங்கே இசை இயக்குநராக இருக்கும் ஜோஷுவா பெல்லும் வயலினோடு உட்கார்ந்தே நடத்துகிறவர்.

இதில் சர்ச்சிலைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். எல்லாரும் மரினரைப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு தேவாலயக் குழுவுக்கு இரண்டு தலைமை வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து வாசிப்பவர். இன்னொருவர் ஆலயத்தின் கதவைத் திறந்து வைப்பவர். உங்கள் சபையில் அந்த இரண்டாவது ஆள் யார் என்று கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. கமிட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கரண்ட் பில்லை எண்ணிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல வயலினும் பிழைக்காது. ஆயரிடம் நேரில் பேசுங்கள். வாரம் ஒரு மாலை, வருடம் முழுக்க, லெந்து என்ற தவக்கால நாட்களிலும் மழைக்காலத்திலும்கூட, ஆலயம் உங்களுக்கு உண்டு என்று கமிட்டித் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முந்தி இது நடக்க வேண்டும்.

கமிட்டிகளிடம் மாட்டிக்கொண்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி 1703-இல் வெனிஸில் பியெத்தா என்ற அநாதைப் பெண்கள் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போதுதான் குருப்பட்டம் பெற்றிருந்த பாதிரியார் அவர். ஆசிரியர்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று அங்கே நிர்வாகிகள் வாக்கெடுப்பு நடத்துவது வழக்கம். 1709-இல் ஆறுக்கு ஏழு என்ற கணக்கில் விவால்டியை வெளியே அனுப்பினார்கள். 1711-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் இசை நின்றுபோனதா? இல்லை. ஏனென்றால் அங்கே மூத்த பெண்கள் இளைய பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. கம்பி அழிக்குப் பின்னால் நின்று வாசித்த அந்தப் பெண்களில் ஒருத்தியான அன்னா மரியா, குடும்பப் பெயர்கூட இல்லாதவள், அதே இல்லத்தில் வளர்ந்து பெரிய வயலின் கலைஞராகி அங்கேயே ஆசிரியையும் ஆனாள். வெளியிலிருந்து வந்த மேதை போனாலும் வரலாம், வந்தாலும் போகலாம். குழு நின்றது இந்த அக்காக்களால்தான். உங்களை அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு இது தானாகவே புரிந்திருக்கிறது, கமிட்டிக்குத்தான் புரியவில்லை.

சரி, இரண்டாவது வயலின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வயலின் வாசிப்பவருக்கு மெட்டு கையில் இருக்கும், மற்றவர்கள் அவரைத் தொடர்வார்கள். செல்லோவுக்கு அடித்தளம். நடுவில் இருக்கிறவர்களுக்குத்தான் மேலேயும் கீழேயும் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம். சுருதி எங்கே இறங்குகிறது, யார் அவசரப்படுகிறார்கள், எந்தப் பிள்ளை வாசிக்காமல் வில்லை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் அங்கே தெரியும். நல்ல தலைமைக்கு இந்தக் காதுதான் வேண்டும். நீங்கள் முன்னால் போய் உட்கார வேண்டியதுகூட இல்லை. முதல் வயலினில் திறமையான ஒரு பிள்ளையை வையுங்கள், மூச்செடுத்து ஆரம்பித்துவைக்கும் வேலை அவருக்கு. வேகம், ஏற்ற இறக்கம், ஒத்திகை, யாரை எங்கே உட்காரவைப்பது, இதெல்லாம் உங்கள் பொறுப்பு.

அப்புறம் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வில் கீழே போகிறதா மேலே போகிறதா என்பதை எல்லார் நோட்ஸிலும் நீங்களே குறித்துக் கொடுங்கள். கீழே இழுக்கும் குறி பார்ப்பதற்கு நம் ‘ப’வைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருக்கும் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் ஒருநாளும் மறக்காது. ஏழு வில்லும் ஒரே பக்கம் போக ஆரம்பித்ததும் பாதிக் கோணல் தானாகச் சரியாகிவிடும். உங்கள் கொயர் மாஸ்டர் ஐயா பெங்களூர் போவதற்கு முன்னால் அவருடைய நோட்ஸ் கட்டை அப்படியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பென்சில் குறிகள்தான் அவருடைய இத்தனை வருட வேலை.

மலையில் ஒத்திகை நடத்துவது சமவெளியில் நடத்துவது மாதிரி இல்லை. ஊட்டியில் ஒரு ஜனவரி மாலை ஓர் ஆலயத்தில் ஒத்திகை கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லாரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக இருந்தார்கள். பனிக்காலத்து வறட்சியில் மரம் சுருங்கி, ஒரு சிறுமியின் வயலினில் முறுக்காணி நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நடத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வயலினை வாங்கி, முறுக்காணியை உருவி, சாக்பீஸைத் தேய்த்து, திரும்பப் பொருத்தி, அழுத்தித் திருகிக் கொடுத்தார். புல்லாங்குழல்காரர்களை ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் குழலுக்குள் மூச்சு விடச் சொன்னார். காரணம் இருக்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். குழலுக்குள் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். கீபோர்ட் மட்டும் எந்தக் குளிரிலும் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதியிலேயே நிற்கும். உங்கள் கிளாரினெட் அண்ணனுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும், கேட்டுப்பாருங்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெரியவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். இரண்டாவது வயலின் வரிசையில் கடைசியில் இருந்த பெண்ணைத் தனியாக எட்டு பார் வாசிக்கச் சொன்னார். பிழை பிடிப்பதற்காக இல்லை. ‘இதைத்தான் நீங்க மூடிக்கிட்டிருக்கீங்க’ என்று முதல் வயலின்காரர்களிடம் சொன்னார். மறுபடி வாசித்தபோது அவர்கள் தாமாகவே தணித்துக்கொண்டார்கள். ஒரு நாள் வாடகைக்கு வருகிற கண்டக்டரால் இதைச் செய்ய முடியாது. அவருக்கு அந்தப் பெண்ணின் பெயரே தெரிந்திருக்காது. கேரல் சர்வீஸில் கொயரும் நீங்களும் சேரும்போது கொயருக்குத் தாளம் காட்ட ஒருவர் வேண்டும், அது நியாயம். அதற்கு யாரை அழைத்தாலும், கடைசி நான்கு ஒத்திகைக்காவது அவர் மலை ஏறி வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கடிதத்தில் வயோலாவையும் தேடினேன், வயலினைவிடச் சற்றுப் பெரிதாக, தாழ்ந்த குரலில் ஒலிக்கும் வாத்தியம். இல்லை. ஏழு வயலினில் இரண்டு பேரை வயோலாவுக்கு மாற்றுங்கள். இப்போதே வாத்தியம் வாங்க வேண்டாம், ஒரு முழு அளவு வயலினில் வயோலா கம்பி மாட்டி ஆரம்பித்துவிடலாம். ஒலி கொஞ்சம் மெலிவாக இருக்கும், பரவாயில்லை. நோட்ஸில் கிளெஃப், அதாவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி, வேறு, அது பழக ஒரு மாதம் பிடிக்கும். இந்த நடுக்குரல் இல்லாததால்தான் நம் ஆலயக் குழுக்கள் பலவற்றில் மேலே வயலின் கிறீச்சிடுகிறது, கீழே செல்லோ முனகுகிறது, நடுவில் கீபோர்ட் பட்டனை அழுத்தி இடத்தை நிரப்புகிறது.

ஆள் போதாத கவலை ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் என்பவரையும் விடவில்லை. லைப்சிக்கில் 1723 முதல் தேவாலய இசைக்குப் பொறுப்பாக இருந்தவர், 1730 ஆகஸ்ட் 23 அன்று நகர சபைக்கு ஒரு மனு எழுதினார். ஒழுங்கான தேவாலய இசைக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு அது. வாத்தியங்களுக்குக் குறைந்தது 18 பேர் கேட்டார். நகரம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர்கள் எட்டே பேர், அதில் ஒருவர் பயிற்சியில் இருப்பவர். இரண்டாவது வயலினுக்குப் பெரும்பாலும், வயோலாவுக்கும் செல்லோவுக்கும் எப்போதுமே, பள்ளிப் பையன்களைத்தான் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நாம் இன்று கைகூப்பிக் கேட்கும் இசையெல்லாம் அந்தப் பையன்களின் கைவழியாகத்தான் முதலில் வந்தது. நீலகிரியிலோ பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமே இல்லை. வயலின் கிரேடு தேர்வு எழுதிவிட்டு, சேர்ந்து வாசிக்க இடமில்லாமல் அறையில் தனியாகப் பயிற்சி செய்கிற பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். போய்க் கேளுங்கள்.

கீர்த்தனை பற்றிக் கேட்கும் பெரியவர்களை நான் எதிர்க்க மாட்டேன். அவர்கள் பயம் உண்மையானது. வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் ராகத்திலும் தாளத்திலும் பாடிவைத்த மரபு அது. சுரங்களை அசைத்து இழைக்கும் அதன் கமகங்கள் மேல், பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் மேற்கத்திய ஹார்மனியைக் கொண்டுபோய் அடுக்கினால் ராகம் நசுங்கிவிடும், எத்தனையோ ஆலயங்களில் அதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். ஆனால் குற்றவாளி வயலின் இல்லை. அதைக் கர்னாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து, இருநூறு வருடமாக அது நம் வாத்தியம். கீர்த்தனைக்கு ஹார்மனி வேண்டாம். செல்லோ ஸட்ஜமும் பஞ்சமமும் பிடித்துக்கொள்ளட்டும், வயலின்கள் எல்லாம் ஒரே சுரத்தில் பாடுகிறவரைத் தொடரட்டும், கீபோர்ட் சும்மா இருக்கட்டும். கர்னாடக முறையில் கற்றவர் யாராவது சபையில் இருந்தால் கீர்த்தனைகளின் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலைப் பாடல்களுக்கு நான்கு குரலும் வரட்டும். இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தால் பெரியவர்களே உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

சின்னக் குழு என்ற தயக்கமும் வேண்டாம். நம் மலை ஆலயங்கள் பெரும்பாலும் சின்னவை. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1829-இல் அடிக்கல் போட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் மாளிகையிலிருந்து கொண்டுவந்த தேக்கு உத்திரங்களை வைத்துக் கட்டியது. அந்த மாதிரி ஓர் இடத்தை நிரப்ப நாற்பது பேர் தேவையில்லை, பன்னிரண்டு பேர் சுருதி சேர்ந்து வாசித்தால் தாராளம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் கிறிஸ்துமஸ் கன்செர்ட்டோவை எடுங்கள். ஓபஸ் ஆறு என்ற அவருடைய தொகுப்பில் எட்டாவது. அவர் இறந்த மறு வருடம், 1714-இல் அச்சானது. முன்னால் இரண்டு வயலின், ஒரு செல்லோ. மற்றவர்கள் சுற்றிலும். உங்கள் கணக்குக்கு அப்படியே பொருந்தும், குழலும் கிளாரினெட்டும் அந்த ஒரு உருப்படிக்கு மட்டும் ஓய்வெடுக்கட்டும். வேகமான பகுதிகள் கடினமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியில் வரும் பாஸ்டொராலே மட்டும் போதும், மேய்ப்பர்களின் குழல் இசையை நினைவூட்டும்படி மெதுவாகப் போவது, பிள்ளைகளால் முடியும். அன்றைக்கு அச்சடிக்கும் நிகழ்ச்சித் தாளில் பன்னிரண்டு பேர் பெயரும், யார் என்ன வாத்தியம் என்பதும் வர வேண்டும் என்று கமிட்டியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஆயர் பெயருக்கு நிகரான எழுத்தில்.

கேரல் சர்வீஸ் தேதி முடிவானதும் எழுதுங்கள். கடைசி ஒத்திகைக்கும் சேர்த்து வருகிறேன்.

அன்புடன்.