குளிர்காலம் நெருங்கும்போது ஆளில்லாத காட்டில் தனியாக வாழ முடியுமா? ஓநாய், கரடி, கடுங்குளிரை எப்படிச் சமாளிப்பது?

முடியும். ஆனால் நீங்கள் பயப்படுகிற மூன்றுமே எனக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஆளை உண்மையில் சோதிப்பது நடுக்குளிர்காலம் அல்ல, அதற்கு முன்னால் வருகிற இரண்டுங்கெட்டான் வாரங்கள்தான்.

நான் வேலை பார்ப்பது கனடாவின் யூகானில், வைட்ஹார்ஸ் நகரில். ஓர் இலையுதிர்காலத்தில் தொடங்கி குளிர்காலம்வரை நண்பரின் மரவீட்டில் தனியாக இருந்தேன். சின்ன ஏரிக்கரை, சாலை கிடையாது, படகில்தான் போகவேண்டும். அக்டோபர் கடைசியில் ஏரி உறையத் தொடங்கியதும் படகு நின்றுவிட்டது. ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டியை ஓட்டுகிற அளவுக்கு ஐஸ் இன்னும் தடிக்கவில்லை. தண்ணீரில் இறங்கும் மிதவை விமானமும் வராது, பனியில் இறங்கும் சறுக்குக்கட்டை விமானமும் வராது. ஆள் நடக்கவே 10 செ.மீ. நல்ல கெட்டி ஐஸ் வேண்டும். அதுவரை கால் சுளுக்கினாலும் நாமேதான் நீவிக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கே இந்தப் பாடு உண்டு. டாசன் நகருக்கு எதிரே, யூகான் ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு ஜார்ஜ் பிளாக் என்கிற ஃபெர்ரி நின்றால், ஆறு உறையும்வரை இக்கரைக்கு வர வழியில்லை. 2016-17, 2017-18 குளிர்காலங்களில் ஆறு அந்த இடத்தில் சரியாக உறையவே இல்லை. வழக்கமாகப் போடும் ஐஸ் பாதையைப் போட முடியாமல் போனது.

ஆக, வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே உள்ளே வந்திருக்க வேண்டும். முதலில் விறகு. அங்கே விறகுக்கு 'கார்டு' கணக்கு: 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்டு. சின்ன வீட்டுக்கே ஒரு குளிர்காலத்துக்குப் பல கார்டுகள் வேண்டும். காட்டுத்தீயில் கருகி, நின்றபடியே காய்ந்துபோன ஸ்புரூஸ் மரங்களைத்தான் தேடி வெட்டுவார்கள். பச்சை விறகு அனல் தராது, புகையும். அந்தப் புகை புகைபோக்கியின் உள்ளே தாராகப் படிந்து என்றாவது ஒருநாள் தீப்பிடிக்கும். வெளியே மைனஸ் 30 இருக்கும்போது வீடு எரிந்தால் எங்கே போவீர்கள்? அதனால் புகைபோக்கியை அடிக்கடி துடைக்க வேண்டும், அடுப்பிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு என்கிற மணமில்லாத விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் ஒன்றும் மாட்ட வேண்டும்.

விறகு பிளப்பது மட்டும் குளிர் ஏற ஏற சுலபமாகிறது, உறைந்த கட்டை ஒரே போடில் தெறிக்கும். உற்சாகத்தில் வியர்க்க விட்டுவிடாதீர்கள். நனைந்த சட்டையோடு நின்றால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். கோட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக வெட்டுங்கள்.

கரடிகள் அக்டோபர், நவம்பரில் குகைக்குள் படுத்துவிடும். ஓநாயின் ஊளை கேட்டது, ஓநாயைக் கண்ணால் காணவில்லை. என் உயிரை வாங்கியவை எலியும் சிவப்பு அணிலும்தான். அரிசி, பருப்பை எல்லாம் தகர டின்னில் அடைத்துவைத்தேன். உருளைக்கிழங்கு தரைப் பலகைக்குக் கீழே குழியில் இருந்தது, உறைந்தால் கூழாகிவிடும் என்பதால். (எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: கழிப்பறை வெளியேதான். உட்காரும் பலகையை நுரை அட்டையில் செய்துவிடுவார்கள், மைனஸ் 30-லும் சுடாது, குத்தாது.)

தனிமையைவிட இருட்டுதான் என்னைச் சோர்வாக்கியது. அக்டோபரில் பகல் நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் சுருங்கும், டிசம்பர் கடைசியில் வைட்ஹார்ஸிலேயே ஐந்தரை மணி நேர வெளிச்சம்தான். வானொலி பெரிய துணை.

பலரும் உதாரணம் காட்டும் ரிச்சர்ட் புரோனெக்கி, 1968-இல் அலாஸ்காவின் ட்வின் லேக்ஸில் தன் கையாலேயே மரவீடு கட்டி, ஏறக்குறைய முப்பது வருடம் வாழ்ந்தார். அவருக்கும் விமானி ஒருவர் மளிகையும் கடிதங்களும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். இதைச் சொல்லாமல் 'யாருமில்லாமல் வாழ்ந்தார்' என்று காணொளி போடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

காட்டில் போய்க் குடிசை போட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் அரசு நிலம், அனுமதி வேண்டும். வாடகைக்கு ஒரு மரவீடு பிடியுங்கள், ஆகஸ்டிலேயே போய்விடுங்கள், செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைக் குளிரில் பேட்டரி இறங்காமல் உள்பையில் வையுங்கள். விறகு நிறைய இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், இரண்டு கட்டைகளை எடுத்து மோதிப் பாருங்கள். காய்ந்தது 'டங்'கென்று ஒலிக்கும். 'தொப்'பென்று கேட்டால் வேறு வீடு பாருங்கள்.