மண்ணெண்ணெய் மணக்கும் கை

அன்புள்ள ஐயா,

என் அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 1969 முதல் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஈய எழுத்துகளைக் கோர்க்கும் கம்பாசிட்டராக இருந்தார். சென்ற ஆடியில் காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் போட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘பாசமிகு தந்தை’, ‘உழைப்பின் சிகரம்’ என்று நான்கு பக்கம் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் வேறு யாருடைய அப்பாவையோ பற்றி எழுதியது போல இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். அச்சகத்துக்கு வரும் பெரிய மனிதர்களைப் போலெல்லாம் அப்பா பேசிக் காட்டுவாராம். மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்களாம். வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இரவு எட்டு மணிக்கு வருவார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கையிலிருக்கும் மையைத் தேய்த்துக் கழுவுவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். எங்களுக்கு ஜுரம் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அந்தக் கையில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஓராண்டாக எனக்குக் கோபம்.

அம்மாவிடம் கேட்டால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: “காபியில் சர்க்கரை போட மறந்திருந்தாலும் சொல்ல மாட்டார். நான் குடிக்கும்போதுதான் எனக்கே தெரியும்.” இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? அவர் கடன்பட்டது, அண்ணனைப் பெல்ட்டால் அடித்தது, இதையெல்லாம் எழுதலாமா?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நான்கு பக்கங்களை நீங்கள் அனுப்பவில்லை. தேவையும் இல்லை. மலரில் வர வேண்டிய வரியை இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘அவ்வளவுதான்’ என்று போட்டு அதை மூடிவிட்டீர்கள்.

அதியமான் நெடுமான் அஞ்சி வேல் பாய்ந்து இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 235-ஆவது. இறந்தவன் ஓர் அரசன். ஆனால் பாட்டு கள்ளில் தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான். எலும்போடு கறி கிடைத்த இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் வரும் இடமெல்லாம் அவனுக்கு. பிறகு, நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்கிறார். அரசனின் கைக்கு ஒரு வாசம், அவர் தலைக்கு ஒரு வாசம். உங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாசமும் ஜுர நெற்றியும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு பெண்கள் ஒரே விஷயத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டில் ‘மன்னே’ என்ற சொல் வரிக்கு வரி வந்து விழும். ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று பொருள் சொல்கிறது. இங்கே கழிவு: கொடுப்பான், அது போயிற்று; தடவுவான், அது போயிற்று. நீங்கள் ‘கழுவுவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார்’ என்று அடுக்கியிருக்கிறீர்களே, அதிலும் அந்த ‘மன்’ எழுத்தில் வராமல் ஒலிக்கிறது. ‘உழைப்பின் சிகரம்’ என்ற தொடரில் அது ஒலிக்காது, ஏனென்றால் சிகரத்துக்குப் பழக்கவழக்கம் கிடையாது.

இதை ஏதோ தெரிந்தவன் போலச் சொல்கிறேன். என் அப்பாவின் பதினாறாம் நாள் அழைப்புக்கு நான் அச்சகத்தில் மாதிரி நோட்டைப் புரட்டி, மூன்றாவது மாதிரியைக் காட்டிவிட்டு வந்தவன். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினார்கள். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் பெயரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, “அவர்தான் எனக்கு ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தார்” என்றார். என் அப்பாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஆற்றுப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொன்ன மனிதர் அவர். ரசம் ஊற்றியது தெரியாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் உங்களைப் போலக் கோபம்தான் முதலில் வந்தது. இன்றுவரை எனக்கு நீச்சல் தெரியாது.

ஆகவே அந்தக் கோபத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு விஷயம். உங்களுக்குச் சேர வேண்டிய சிரிப்பை எடுத்து அவர் அச்சகத்தில் செலவழித்தார் என்று கணக்குப் போடுகிறீர்கள். அது அப்படிப்பட்ட பண்டம் அல்ல. மிஷின் சத்தமும் ஈய எழுத்தும் கூட நின்ற ஆளும் சேர்ந்தால் வருகிற சிரிப்பு அது. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாலும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த நண்பருக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். இந்த வாரமே போய்ப் பாருங்கள். “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், “தங்கமான மனுஷன்” என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். வேலையைக் கேளுங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டு, துதிக்கை வைத்த லை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது அந்தப் பழைய ஈய எழுத்துகளை என்ன செய்தார்கள்? கை எழுத்துப் பெட்டியின் பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்ததா? அப்பா வீட்டுக் கணக்கைக் கடைசிவரை எந்த ‘லை’யில் எழுதினார் என்று நீங்களும் பழைய நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட்டு, அதே எழுத்துகளை வைத்து மறுநாள் கருமாதிப் பத்திரிகை கோர்த்திருப்பார்கள். எத்தனை ‘பாசமிகு தந்தை’யை உங்கள் அப்பாவே தலைகீழாகப் படித்துக் கோர்த்திருப்பார்! பேசிக் காட்டுவதற்கு அவருக்கு விஷயம் எங்கிருந்து கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்?

நண்பர் சொல்வதை அவர் சொன்னபடியே, அவர் பெயரில் போடுங்கள். இதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மரபே இருக்கிறது. அங்கே இறந்தவருக்காக அச்சிட்டு, அந்தியேட்டி என்னும் ஈமச் சடங்கன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதியை ஒரு வெண்பாவில் அடக்கித் திதி வெண்பா என்று முன்னால் போடுவார்கள். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாக வரும். பெரும்பாலும் உள்ளூர்ப் புலவர் ஒருவரே எல்லோருக்குமாக உட்கார்ந்து புலம்பியிருப்பார், அது தனி வேடிக்கை. ஆனாலும் மனைவிக்கு இல்லாமல் போனவரும் மக்களுக்கு இல்லாமல் போனவரும் ஒரே ஆள் அல்ல என்ற கணக்கு அந்த அமைப்பில் இருக்கிறது. உங்கள் நான்கு பக்கங்களில் எல்லோருக்கும் சேர்த்து நீங்கள் ஒருவரே பேசியிருப்பீர்கள். பாரம் அங்கேதான் ஏறியிருக்கிறது.

அம்மா ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார் என்று குறைப்படுகிறீர்கள். புறநானூற்றின் 256-ஆவது பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு வெண்பல்லி போல அவனோடு பல வழி கடந்து வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி, அவனை வைத்துப் புதைக்கும் தாழியை அகலமாக வனைந்து கொடு என்கிறாள். அவன் நல்லவனா, வல்லவனா, ஒரு சொல் இல்லை. சக்கரம் போன இடமெல்லாம் பல்லியும் போயிற்று, அவ்வளவு. உங்கள் அம்மா சொன்ன சர்க்கரையும் அந்த வகைதான். அதை ஒரு தனிப் பக்கத்தில், நடுவில், அம்மாவின் பெயரோடு போடுங்கள். கீழே எதுவும் எழுதி விளக்காதீர்கள். அண்ணன் பக்கம் காலியாக இருக்கிறதே என்பார். இருக்கட்டும்.

கடனைப் பற்றி: எதற்காக வாங்கினார், எப்படி அடைத்தார் என்று தெரிந்தால் எழுதலாம். தெரியாமல் ‘கடன்பட்டார்’ என்று மட்டும் எழுதினால் அது வம்பு. பெல்ட்டால் அடி வாங்கியவர் அண்ணன், அதை எழுதுவதா வேண்டாமா என்பதும் அவர் பாடு. ஒரு பக்கத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். ‘உழைப்பின் சிகரம்’ என்று அவர் எழுதினால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த நண்பரை ஒருமுறை ப்ரூஃப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.