மழையும் பனியும் கலந்து பெய்யும் என்று அறிவிப்புச் சொல்லும் நாளில்

தம்பி, உங்கள் கேள்வியை முழுவதும் வாசித்தேன். ரொறன்ரோவுக்கு வந்து ஆறு கிழமைதான் ஆகிறது என்றும், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு மிசிசாகாவில் உள்ள பண்டகசாலைக்கு இரவு வேலைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வருகிற புதன்கிழமைக்கான வானிலை அறிவிப்பு காலையில் மழை, பிற்பகலில் மழையும் பனியும் கலந்து, மாலையில் பனி 2 முதல் 4 சென்ரிமீற்றர் வரை என்கிறது. காற்று தென்கிழக்கிலிருந்து 30 கிலோமீற்றர், பிற்பகலில் வடமேற்குக்கு மாறி 50, இடையிடையே 80 வரை. வெப்பநிலை காலையில் 4 பாகை, மாலைக்குள் மறை 8, அதாவது சைபருக்குக் கீழே 8. கூட இருக்கும் பொடியன்கள் நாலு சென்ரிமீற்றர் எல்லாம் ஒரு பனியா என்று சிரிக்கிறார்கள்; நீங்களோ இதற்குப் பயப்பட வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிறீர்கள்.

பயப்பட வேண்டாம், ஆனால் பொடியன்கள் தவறான இலக்கத்தைப் பார்க்கிறார்கள். இந்த ஊரில் இருபத்தெட்டுக் குளிர்காலம் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மறை 20 பாகைக் குளிரில் விழுந்து கையை முறித்தவர்களை நான் அதிகம் காணவில்லை, ஏனென்றால் அன்றைக்கு எல்லாரும் இழுத்து மூடிக்கொண்டு கவனமாகப் போவார்கள், பாதையும் காய்ந்து கிடக்கும். வெப்பநிலை காலையில் சைபருக்கு மேலே நின்று மாலையில் கீழே இறங்குகிற நாளில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஆகவே எத்தனை சென்ரிமீற்றர் என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். வெப்பநிலை எந்த மணிக்குச் சைபரைத் தாண்டுகிறது, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதை முதலில் பாருங்கள். காலை முழுக்கப் பெய்த மழைத் தண்ணீர் ஓடி முடிவதற்கு முன்னே அப்படியே உறைந்துவிடும். அதன்மேல் நாலு சென்ரிமீற்றர் பனி விழுந்தால், கீழே கண்ணாடி இருப்பதை அது மறைத்துவிடும். அந்த நாலு சென்ரிமீற்றருக்கு இருக்கும் ஆபத்து அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

அடுத்தது காற்று. நீங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றபடியால் இது உங்களுக்கு இலகுவாக விளங்கும். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றைத் திசைபார்த்துப் பெயர் சொல்லி, அதைக்கொண்டே மழையையும் கடலையும் மதிப்பிட்ட ஊர் அது. இங்கேயும் அதே கணக்குத்தான். ஒரு தாழமுக்கம், அதாவது காற்றழுத்தம் குறைந்த பகுதி, தென்மேற்கிலிருந்து ஏறி வரும்போது அதற்கு முன்னால் கொண்டலுக்கும் சோளகத்துக்கும் இடைப்பட்ட தென்கிழக்குத் திசையிலிருந்து ஈரமும் இளஞ்சூடும் உள்ள காற்று வீசும். மழை அதோடு வரும். தாழமுக்கம் எங்களைக் கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பும், வட துருவப் பக்கத்துக் குளிரை இழுத்துக்கொண்டு வரும். அறிவிப்பில் காற்று வடமேற்குக்கு மாறும் என்று எழுதியிருக்கும் அந்த மணியில்தான் நாளே இரண்டாக உடைகிறது. சில வேளைகளில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பத்துப் பாகை இறங்கிவிடும்.

மழையும் பனியும் எப்படிக் கலக்கின்றன என்று தெரிந்துகொண்டால் அறிவிப்பில் வரும் மற்றச் சொற்களும் விளங்கும். மேலே முகிலில் உருவாகும்போது குளிர்காலத்தில் பெரும்பாலும் எல்லாமே பனிதான். அது விழுகிற வழியில் சைபருக்கு மேற்பட்ட ஒரு காற்றுப் படை இருந்தால் உருகும். அரைகுறையாக உருகி நிலத்துக்கு வந்தால் அது கலவை. முழுக்க உருகி, நிலத்துக்குச் சற்று மேலே தடித்த குளிர்ப் படை ஒன்றைக் கடக்க நேர்ந்தால் திரும்ப உறைந்து சவ்வரிசி போல ஜன்னலில் சடசடக்கும். அந்தக் குளிர்ப் படை மெல்லியதாக இருந்துவிட்டால் துளிக்கு உறைய நேரம் இராது. தண்ணீராகவே வந்து கைப்பிடியில், கம்பியில், கிளையில், படியில் பட்டவுடன் உறையும். அதுதான் உறைமழை. அந்தச் சொல்லை அறிவிப்பில் கண்டால் விருந்துக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் அப்படி ஒரு மழை பெய்து, இந்த நகரத்தில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நத்தார் தினத்திலும் இருட்டில் இருந்தவர்கள் உண்டு. அன்றிரவு எங்கள் தெருவில் மேப்பிள் கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்த சத்தம், துவக்குச் சூட்டுக்குப் பழகிய எங்களையே கட்டிலை விட்டு எழுப்பியது. அப்போதும் வெப்பநிலை சைபரை ஒட்டித்தான் நின்றது.

இன்னொன்று, நீங்கள் ஒரு இடத்தின் அறிவிப்பை மட்டும் பார்ப்பதாகத் தெரிகிறது. மத்திய அரசின் சுற்றாடல் திணைக்களம் ரொறன்ரோ நகரத்துக்கு ஒன்று, மிசிசாகாவுக்கும் பிரம்ரனுக்கும் சேர்த்து ஒன்று, மார்க்கம் பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் வெளியிடுகிறது. நீங்கள் ஒரு பகுதியில் படுத்து மற்றப் பகுதியில் வேலை செய்கிறவர், ஆகவே இரண்டையும் பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் வாங்கிய சூட்டை ஒன்ராறியோ ஏரி மார்கழி வரை வைத்திருப்பதால், கரையோரத்தில் வெறும் மழையாக விழுவது 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே பனியாக விழும். ஒரு பாகை வித்தியாசத்தில் எல்லாம் மாறுகிற விடயம் என்பதால் அறிவிப்பாளர்களைத் திட்டுவதில் பயனில்லை. அதிகாலையில் வருவதைப் பார்த்த பிறகு முற்பகலிலும் பிற்பகலிலும் வரும் புதிய அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வீதம் என்று இருந்தால் நாளில் நாற்பது பங்கு நேரம் பெய்யும் என்று அர்த்தமில்லை. அந்தப் பகுதியில் நீங்கள் நிற்கும் ஏதாவது ஒரு இடத்தில் அளக்கக்கூடிய அளவு விழுவதற்கான வாய்ப்பு அது. ஐம்பது வீதம் என்று மட்டும் அவர்கள் ஒருபோதும் எழுதுவதில்லை. எழுதினால் தீர்மானிக்கத் தெரியாதவர்கள் போல ஆகிவிடுமாம்.

காற்றுக் குளிர் என்று தனியாக ஒரு இலக்கமும் கொடுப்பார்கள். மறை 8 பாகையில் 50 கிலோமீற்றர் காற்று வீசினால் மூடாத தோலுக்கு அது மறை 19 போல இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு, காய்ந்த உடுப்போடு நிற்கும் ஒருவருக்கானது. நனைந்தவருக்கு அட்டவணை கிடையாது. இதை நான் 1997ஆம் ஆண்டு, என் முதல் கார்த்திகையில் படித்தேன். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய, பஞ்சு வைத்துத் தைத்த ஜக்கற் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. மத்தியானம் மழையில் நனைந்தபடி தொழிற்சாலைக்குப் போனேன். இரவு பதினொரு மணிக்கு வெளியே வரும்போது அது காயவில்லை, காற்றோ திசை மாறியிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் நாற்பது நிமிடம். கையை மடக்கினால் சட்டைக்கை அப்பளம் போல நொறுநொறுத்தது. வீட்டுக்கு வந்தபோது ஜக்கற்றின் சிப் இறங்கவில்லை, சப்பாத்து நூலின் முடிச்சு கல்லாகியிருந்தது. அண்ணி தலைமயிர் காயவைக்கும் கருவியைக் கொண்டுவந்து முடிச்சுக்குப் பிடித்தார். அது உருகும் வரைக்கும் வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். பஞ்சு கனமாக இருந்தால் குளிர் தாங்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

ஆகவே புதன்கிழமைக்கு வருவோம். நீங்கள் பின்னேரம் ஐந்து மணிக்கு இறங்குகிறவர். அப்போது இருட்டியிருக்கும், காற்று மாறியிருக்கும், தண்ணீர் உறையத் தொடங்கியிருக்கும். தண்ணீர் உட்புகாத மெல்லிய மேலுடுப்பை வெளியே போட்டு, உள்ளே கம்பளியையோ ஃபிளீசையோ போடுங்கள். பருத்தி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு சோடி காலுறையும் கையுறையும் பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி எடுத்துப் போங்கள், விடிய வரும்போது உதவும். குடை எடுக்காதீர்கள், 80 கிலோமீற்றர் காற்றில் அது உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். காரில் ஏற்றிப் போகும் நண்பரிடம் குளிர்கால ரயர் போட்டிருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். பாலங்கள் மற்ற வீதிகளுக்கு முன்னே உறையும். போடவில்லை என்று சொன்னால் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, ரயிலில் போங்கள்.

கடைசியாக உங்கள் பேஸ்மென்ற் வாசல். வெளியே இருந்து கீழே இறங்கும் படிகள் என்றால், முற்றத்துத் தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் வடிந்து அடிப்படியில்தான் உறையும். உப்பை உறைந்த பிறகு கொட்டுவதைவிட, மழை ஓய்ந்து குளிர் இறங்குவதற்கு இடையில், அதாவது நீங்கள் நித்திரை விட்டெழும் மூன்று மணியளவில், மெல்லியதாகத் தூவுவது நல்லது; மறை 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. உப்பு வாளி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் கராஜுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள், புதன்கிழமை பின்னேரம் அவர் வேலையால் திரும்பியிருக்க மாட்டார்.