ஆட்டிசம் உள்ள மூன்றரை வயதுக் குழந்தையைச் சாதாரண மழலையர் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பயிற்சி மையத்தில் சேர்ப்பதா?

மகனுக்கு ஆட்டிசம் என்று மதிப்பீட்டு அறிக்கை வந்திருப்பதாகவும், பேச்சு இன்னும் ஓரிரு சொற்களைத் தாண்டவில்லை என்றும், உறவினர்கள் சாதாரணப் பள்ளியையே பரிந்துரைக்க, பயிற்சி மையத்தினரோ முழு நாளும் தங்களிடம் விடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அடுத்த மூன்று மாதங்களில் உங்கள் மகனுக்கு எந்த இரண்டு மூன்று திறன்கள் வந்தால் அவனுடைய அன்றாடம் எளிதாகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவற்றைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே சேருங்கள். பள்ளியா மையமா என்ற கேள்விக்கான விடை அதிலிருந்துதான் கிடைக்கும்.

அதற்கும் முன்னதாக, அறிக்கையில் செவித்திறன் சோதனையின் முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு குழந்தை திரும்பாமல் இருப்பதற்கு ஆட்டிசம் காரணமாக இருக்கலாம், காது சரியாகக் கேட்காததும் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தொலைக்காட்சியில் பாட்டு வந்தால் ஓடி வருகிறானே, காதில் என்ன குறை இருக்க முடியும் என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சில சுருதிகள் மட்டும் கேட்காத குழந்தையும், நடுச்செவியில் நீர் கோத்து அவ்வப்போது மந்தமாகக் கேட்கும் குழந்தையும்கூடப் பாட்டுக்கு ஓடி வருவார்கள். ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையைப் பதிவு செய்யும், பெரா (BERA) என்று சொல்லப்படும் சோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். அவன் பதில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நடுச்செவிப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் உடன் முடிந்துவிட்டால், பிறகு எடுக்கும் முடிவுகள் எல்லாம் உறுதியான தரையில் நிற்கும்.

இலக்குகளுக்கு வருகிறேன். ஆட்டிசம் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு குழந்தைகளுக்கு ஒரே ஏற்பாட்டைச் செய்ய முடியாது. ஒரு குழந்தை வாக்கியங்களாகப் பேசும், ஆனால் சத்தம் மிகுந்த அறையில் ஐந்து நிமிடம் இருக்க முடியாமல் அழும். இன்னொரு குழந்தை எந்தக் கூட்டத்திலும் இயல்பாக இருக்கும், ஆனால் தாகம் எடுத்தால்கூடக் கேட்கத் தெரியாது. ஆகவே ஒரு வாரம் வீட்டில் அவனைக் கவனித்து எழுதி வையுங்கள். வேண்டிய பொருளை எப்படிக் கேட்கிறான், உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறானா, விரலால் சுட்டுகிறானா, வேறொரு குழந்தை பக்கத்தில் விளையாடினால் என்ன செய்கிறான், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சொன்னால் எவ்வளவு தடுமாறுகிறான், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படித் தெரிவிக்கிறான் என்பவை போதும். நன்றாகப் பேச வேண்டும் என்பது எல்லாப் பெற்றோருடைய ஆசையும்தான், ஆனால் அதை வைத்து ஓர் ஆசிரியரால் நாளைய வகுப்பைத் திட்டமிட முடியாது. பசிக்கும்போது சொல்லாலோ சைகையாலோ படத்தைக் காட்டியோ கேட்க வேண்டும் என்று எழுதினால், அவரால் நாளைக்கே தொடங்க முடியும். மூன்று மாதம் கழித்து, வந்ததா வரவில்லையா என்று உங்களாலும் பார்க்க முடியும்.

சாதாரண மழலையர் பள்ளியைப் பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளும் பொதுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி பற்றிய உலக மாநாட்டில் வெளியான சலமாங்கா பிரகடனம் வலியுறுத்தியது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, தனது 24ஆம் பிரிவில் அதை ஓர் உரிமையாகவே வைத்தது. எனக்கும் அதில் உறுதியான நம்பிக்கை உண்டு. சக குழந்தைகளைப் பார்த்து, அவர்களோடு மோதி, அவர்களிடம் கேட்டு வாங்கிக் கற்கும் வாய்ப்பை எந்தத் தனி அறையும் தர முடியாது. ஆயினும் அந்த உடன்படிக்கையே தேவையான உதவியோடு கூடிய சேர்க்கையைத்தான் கேட்கிறது. ஓர் இருக்கையைக் கொடுத்துவிட்டுக் குழந்தையை மூலையில் தனியாக விடும் பள்ளி அந்த உரிமையை நிறைவேற்றவில்லை.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது, பாட்டும் கைதட்டலுமாக இருக்கும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். விளையாட்டு முடிந்து வகுப்புக்குள் வரும் நேரம், சாப்பாட்டுக்கு முன்பு கை கழுவ வரிசையில் நிற்கும் நேரம், வீட்டுக்குக் கிளம்பும் நேரம் ஆகியவற்றைப் பாருங்கள். நம் குழந்தைகள் தடுமாறுவது பெரும்பாலும் இத்தகைய இடைவெளிகளில்தான்; அங்கே ஒரு குழந்தை அழுதால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அந்தப் பள்ளியைப் பற்றி அநேகமாக எல்லாவற்றையும் சொல்லிவிடும். வகுப்பில் உங்கள் மகனுக்கு மட்டும் உதவியாகக் கூடவே இருக்கும் ஒரு நிழல் ஆசிரியரை அனுப்பச் சொன்னால், அவர் எப்போது, எப்படிப் பின்வாங்குவார் என்ற திட்டமும் இருக்கிறதா என்று கேளுங்கள். எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும் பெரியவர், குழந்தைக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் இடையே சுவராகிவிடுவதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி மையத்திடம் கேட்க வேண்டியவை வேறு. உங்கள் மகனோடு நேரடியாக வேலை செய்யப் போகிறவர் யார், அவருடைய படிப்பு என்ன, மேற்பார்வை செய்பவர் எவ்வளவு அடிக்கடி வந்து பார்க்கிறார் என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழு நாளும் வேண்டும் என்பதற்கு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்த உளவியலாளர் லோவாஸின் 1987ஆம் ஆண்டு ஆய்வைச் சிலர் காட்டுவார்கள். அந்த ஆய்வில் தீவிரப் பயிற்சி பெற்ற குழந்தைகள் 19 பேர்தான், அந்தக் காலத்து முறையில் தண்டனையும் இருந்தது; இன்று விளையாட்டுக்குள்ளும் அன்றாட வேலைகளுக்குள்ளும் கற்பிக்கும் முறைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மூன்றரை வயதுக் குழந்தைக்கு மதியத் தூக்கமும் ஓடி விளையாடும் நேரமும் தேவை என்பதை மறக்கும் அட்டவணையை நான் ஏற்க மாட்டேன். பெற்றோர் உள்ளே வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் மையத்தையும், முற்றிலும் குணப்படுத்துவோம் என்று உறுதி கொடுக்கும் மையத்தையும் விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். உடலிலிருந்து உலோகங்களை நீக்கும் கீலேஷன் சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பயன் தருவதற்கு ஆதாரம் இல்லை, அதனால் குழந்தைகள் உயிரிழந்ததும் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சையும் ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்டதன்று.

வேறு இரண்டு அறிவுரைகளும் உங்களுக்குக் கிடைக்கலாம். படங்களைக் காட்டிக் கேட்கப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்பது ஒன்று. ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. பட அட்டைகள் பேச்சைத் தடுப்பதில்லை, பல குழந்தைகளுக்குப் பேச்சு வரவே அவை வழி திறக்கின்றன, அதற்குள் அழுகையும் கடிப்பதும் குறைகின்றன. வீட்டில் தாய்மொழியை விட்டுவிட்டுப் பள்ளியின் மொழியில் மட்டும் பேசுங்கள் என்பது இன்னொன்று. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியும் தாத்தாவும் எந்த மொழியில் கொஞ்சுவார்களோ அந்த மொழியை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்வதானால், குழந்தைகள் குறைவாக உள்ள ஒரு மழலையர் பள்ளியில் அரை நாளும், வாரத்தில் சில நாட்கள் பேச்சுப் பயிற்சியும் என்று தொடங்குவதையே நான் விரும்புவேன். வகுப்பு ஆசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும், இருவரும் ஒரே பட அட்டைகளைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் நிபந்தனை. மாறாக, அவன் கதவு திறந்தால் சாலைக்கு ஓடிவிடுபவனாகவோ, தேவை எதையும் எந்த வகையிலும் தெரிவிக்க இயலாதவனாகவோ இருந்தால், முதல் சில மாதங்கள் சிறு குழுவாக இயங்கும் மையத்தில் விடுவதில் தவறில்லை. ஆனால் பள்ளியைப் பற்றி மறுபடியும் எப்போது பேசுவோம் என்ற தேதியைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்கே சேர்த்தாலும், அங்கே வாரத்தில் கற்றதை வீட்டில் எப்படித் தொடர்வது என்று ஒவ்வொரு வாரமும் கேளுங்கள். பயிற்சியாளரோடு அவன் இருக்கும் நேரம் கொஞ்சம், உங்களோடு குளிப்பதும் உண்பதும் உடுத்துவதுமாக இருக்கும் நேரம் அதிகம். மூன்று மாதத்தில் இலக்கு கைகூடவில்லை என்றால் உடனே இடத்தை மாற்றிவிடாமல், வழிமுறையை மாற்றிப் பார்த்தார்களா, எதை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். குறிப்பேட்டைத் திறந்து காட்டிப் பதில் சொல்பவர்களிடம் இன்னும் சில மாதங்கள் இருக்கலாம். உங்கள் மகன் ஒத்துழைப்பதில்லை என்று மட்டுமே சொல்பவர்களிடம் அவனை இனியும் விட வேண்டாம்.