படித்தால் புரிகிறது, போனில் கேட்டால் புரியவில்லை

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு நான்கு வருடமாகக் கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பள்ளிப் படிப்பு தமிழ் மீடியம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் நானே போடுவேன். ஆங்கில மெயில் வந்தால் படித்துப் புரிந்துகொள்வேன். ஆனால் வெளிநாட்டு பையர் போனில் பேசினால் பாதிகூடப் பிடிபடாது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் டாக்குமென்டேஷன் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறது. விண்ணப்பக் கடிதம் எப்படி எழுதுவது? இன்டர்வியூவுக்குள் காதைப் பழக்கிவிட முடியுமா? – வாசகி, கரூர்

பதில்: கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடலாம். காது பழக மாதக்கணக்கில் ஆகும். ஆனால் நீங்கள் போகப்போவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு. அதில் காதில் விழப்போகும் ஆங்கிலம் எண், தேதி, ஆர்டர் நம்பர், 'அனுப்பியாச்சா, எப்போது வரும்' என்ற அளவுதான். அதை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டத் தேவையில்லை.

மெயிலைப் படித்துப் புரிந்துகொள்கிறவருக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. அவை வாயில் என்ன ஆகின்றன என்பதுதான் தெரியவில்லை. தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு சொல்கிறோம். ஆங்கிலேயரோ அமெரிக்கரோ முக்கியமான சொல்லை அழுத்திவிட்டு, 'டு', 'ஆஃப்', 'ஹேவ்' போன்ற சின்னச் சொற்களை விழுங்கிவிடுவார்கள். 'வி ஷுட் ஹேவ் சென்ட் இட்' என்று நீங்கள் காத்திருக்க, 'வி ஷுடவ் சென்டிட்' என்று வந்து விழும். வேகமாகப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு நான் சொல்லும் பயிற்சி அலுப்பானது, ஆனால் வேலை செய்யும். எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் ஓர் ஒலிப்பதிவை எடுங்கள். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இலவசம். பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலீஷ்' தளத்தில் நிலை வாரியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் போதும், அதற்கு மேல் எடுக்காதீர்கள். எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். மூன்றாவது முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். நாலைந்து நாளிலேயே ஒன்று கவனிப்பீர்கள்: வட்டங்கள் கடினமான சொற்களில் விழுவதில்லை, தெரிந்த சின்னச் சொற்களில்தான் விழுகின்றன. கடைசியாக, பேசுபவர் கூடவே அதே ஏற்ற இறக்கத்தில் உரக்கச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வாயில் ஒருமுறை வந்துவிட்ட ஒலியைக் காது அடுத்த முறை சுலபமாகப் பிடிக்கும்.

தமிழ் சப்டைட்டிலோடு ஆங்கிலப் படம் பார்த்தால் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பழகுவது தமிழ் வாசிப்பு! ஆங்கில சப்டைட்டில் பரவாயில்லை, ஆனால் முதல் முறை அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

உங்கள் வேலைக்கு எண்கள்தான் உயிர். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்ற குழப்பத்தில் ஐம்பது பெட்டி பதினைந்தாகிவிடும். கடைசி எழுத்தைத் தேடாமல் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். பதினைந்தில் பெரும்பாலும் பின்பகுதி நீண்டு ஒலிக்கும், ஐம்பதில் முன்பகுதி அழுந்திப் பின்பகுதி சட்டென்று முடிந்துவிடும். அமெரிக்கர் 'ட்வென்டி ஃபைவ் ஹண்ட்ரட்' என்றால் 2,500. பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் நைன்' என்றால் ஒன்பதரை மணி. லட்சம் என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்குப் புரியாது, 'ஹண்ட்ரட் தௌசண்ட்' என்றுதான் சொல்ல வேண்டும்.

'கேன்', 'கான்ட்' இரண்டும் இதைவிட ஆபத்து. அமெரிக்கர் 'வி கேன் ஷிப் ஆன் ஃப்ரைடே' (வெள்ளிக்கிழமை அனுப்பலாம்) என்று சொல்லும்போது 'கேன்' தேய்ந்து 'கன்' ஆகி, அழுத்தம் 'ஷிப்' மேல் போகும். முடியாது என்கிறபோது 'கான்ட்' (அமெரிக்கர் வாயில் 'கேன்ட்') என்ற சொல்லே கனமாக, முழுசாக வரும். கடைசி 'ட்' ஒலி காதுக்கு எட்டாமலும் போகலாம். சொல் கனமாக வந்தால் மறுப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, திரும்பக் கேட்டுவிடுங்கள்.

திரும்பக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். சாதாரண போன் இணைப்பில் குரலின் மேல் அலைவரிசைகள் வெட்டுப்பட்டு வருவதால் 'எஃப்', 'எஸ்' இரண்டையும் பிரித்தறிவது யாருக்கும் கஷ்டம்தான். விமானப் போக்குவரத்தில் 'எஃப்' எழுத்துக்கு 'ஃபாக்ஸ்ட்ராட்', 'எஸ்' எழுத்துக்கு 'சியரா' என்று சொல்வது இதற்காகத்தான். 'லெட் மி ரீட் தட் பேக்' என்று சொல்லி நீங்கள் குறித்துக்கொண்டதை வாசித்துக் காட்டுங்கள். திருப்பூருக்குப் பேசுகிறவர்களில் ஜெர்மன்காரர், ஸ்பெயின்காரர் என்று ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கும் இது சௌகரியம். போனை வைத்த கையோடு, பேசியதை நாலு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். உங்கள் பலமான எழுத்துக்கு விஷயம் வந்துவிடும்.

இனி கடிதம். 'ரெஸ்பெக்டட் சார்', 'ஐ பெக் டு ஸ்டேட்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்', 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' இவையெல்லாம் பள்ளி விடுப்புக் கடிதத்திலிருந்து நம்மோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. தனியார் நிறுவனத்துக்கு வேண்டாம். விளம்பரத்தில் பெயர் இருந்தால் 'டியர்' போட்டு, மிஸ்டர் அல்லது மிஸ் சேர்த்துக் குடும்பப் பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள்தான் அதிகம், அவர் கையெழுத்துப் போடும் பெயரையே எழுதுங்கள். முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பெயர் தெரியாவிட்டால் 'டியர் சார் ஆர் மேடம்', முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. இது பிரிட்டிஷ் மரபு, நம் அலுவலகங்களுக்கு இதுவே பொருந்தும். பெண்கள் நடத்தும் நிறுவனங்களும் உண்டு, வெறும் 'சார்' என்று எழுதி அனுப்பாதீர்கள்.

மெயிலில் அனுப்பும்போது 'ஃப்ரம்', 'டு' முகவரிகள் தேவையில்லை. சப்ஜெக்ட் வரியில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும் இருந்தால் போதும். முதல் பத்தி இரண்டு வரி: எந்த வேலை, விளம்பரத்தை எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள்.

இரண்டாவது பத்தியில்தான் ஆளை எடை போடுவார்கள். 'ஹார்ட் வொர்க்கிங்', 'டைனமிக்', 'டீம் ப்ளேயர்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள், படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் செய்ததை எழுதுங்கள். மாதம் சுமாராக எத்தனை ஷிப்மென்ட்டுக்கு ஆவணம் தயார் செய்கிறீர்கள்? ஷிப்பிங் பில்லுக்கான (ஏற்றுமதிக்காக சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணம்) விவரங்களை கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்குக் கொடுப்பது யார்? எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக பையரின் வங்கி கொடுக்கும் உறுதி) ஆர்டர் என்றால், அதன் நிபந்தனைகளோடு இன்வாய்ஸை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சரக்கின் விவரிப்பு எல்.சி.யில் உள்ளதோடு முரண்பட்டாலே வங்கி ஆவணத்தை மறுத்துவிடலாம். அந்த வலி தெரிந்த முதலாளிக்கு, நீங்கள் இதைச் சரிபார்த்தவர் என்ற ஒரே வரி பத்து அடைமொழிக்குச் சமம். வீட்டு ஜவுளியிலிருந்து பின்னலாடைக்கு வருகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். சரக்கு வேறானாலும் அடிப்படை ஆவணங்கள் அதேதான் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது பத்தியில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து சேர முடியும் என்று எழுதினால் போதும். விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் சம்பளம். தேதியில் மாதத்தை எழுத்தாலேயே எழுதுங்கள். 05/08 என்று போட்டால் நமக்கு ஆகஸ்ட் 5, அமெரிக்கருக்கு மே 8. இந்த வேலையில் அந்தக் கவனத்தையும் பார்ப்பார்கள்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாமா என்று கேட்பீர்கள். உங்கள் வாக்கியங்களை நீங்களே எழுதிவிட்டு, பிழை திருத்த மட்டும் கொடுங்கள். முழுக் கடிதத்தையும் அதுவே எழுதினால், 'லெவரேஜ்' என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன செய்தீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்கும்போது திணற வேண்டியிருக்கும். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, அதைப் பற்றி இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். பேச வராத வரியை எடுத்துவிடுங்கள்.

அனுப்பிய பிறகு முதல் அழைப்பு போனில்தான் வரும், அநேகமாக நீங்கள் பஸ்ஸில் இருக்கும்போது. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு 'யெஸ் சார், யெஸ் சார்' என்று சொல்லாதீர்கள். 'இங்கே சத்தமாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் நானே கூப்பிடட்டுமா' என்பதை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்கு இப்போதே பழகி வையுங்கள்.