கொட்டாய் மரத்தில் சுவர்க் கடிகாரம்: முன்பக்கம் இழைப்புளி வேண்டாம்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தாத்தா போட்ட மாட்டுக் கொட்டாயைப் போன மாதம் பிரித்துவிட்டோம். ஒரு விட்டம், நாலு கால், கொஞ்சம் பனங்கைகள், பச்சை பெயிண்ட் அடித்த ஒரு பழைய கதவுப் பலகை எடுத்து வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது, இந்த மரத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் செய்து கொடுக்க ஆசை. ஆனால் மரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, தட்டினால் மாவு கொட்டுகிறது. நன்றாக இழைத்துப் பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி வந்துவிடும் என்கிறார் ஆசாரி. அப்படியே செய்துவிடலாமா? முள்ளை ஓட்டும் கடிகார மெஷின் ஓசூரில் கிடைக்குமா?

பதில்: ஆசாரி சொல்வது உண்மைதான், புதுசு மாதிரி வரும். ஆனால் புதுசு மாதிரி வேண்டுமென்றால் மரக்கடையில் ஒரு தேக்குப் பலகை வாங்கிச் செய்துவிட்டுப் போகலாமே, கொட்டாய் மரம் எதற்கு? கடிகாரத்தைப் பார்த்ததும், இது எந்த மூலையில் நின்ற கால், அதில் எந்த மாட்டைக் கட்டுவோம் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமென்றால் மரத்தின் மேல்முகம் அப்படியே இருக்க வேண்டும். அதனால் அறுப்பது, குடைவது, மட்டம் பண்ணுவது எல்லாவற்றையும் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், முன்பக்கம் இழைப்புளி படவே வேண்டாம் என்று ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, எந்தத் துண்டு? விட்டத்தை விட, கதவை விட, நான் கால்களைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு காலையும் சாயங்கால வெயிலில் கிடத்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் தும்புக் கயிறு வருஷக்கணக்கில் உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், விரலை வைத்தால் உள்ளே வழுவழுவென்று இருக்கும், விளிம்பில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. அதற்கு மேலே மாடு கழுத்தைத் தேய்த்த இடம் கறுத்து மினுமினுக்கும். மாட்டுப் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பும் காவியும் மர ரேகைக்குள் கோடு கோடாகத் தங்கியிருக்கவும் கூடும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்த கால் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். தரையை ஒட்டிய ஒரு அடியை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், கோமியம் ஊறிய பாகம் அது, ஈரக் காற்று அடிக்கும் நாளில் வாடை கிளம்பும்.

நம் பக்கத்துக் கொட்டாய்க் கால் பெரும்பாலும் வேம்பாகவோ கருவேலமாகவோ வாகையாகவோ இருக்கும், எல்லாமே வேலைக்கு வரும். பனங்கை அப்படியில்லை. அதில் வெளிச்சுற்று மட்டும்தான் வைரம், உள்ளே போகப் போக நார். பின்பக்கம் குடைந்தால் உதிரும், அதனால் பனையைச் சுற்றுச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கறுப்புக் கோடு அழகாக இருக்கும்.

மாவு கொட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மா விடவும் கூடாது. குண்டூசி அளவு வட்டத் துளையும் முகப்பவுடர் அளவுக்கு மென்மையான தூளும் இருந்தால் அது உளுவண்டு. அது மாவுச்சத்துக்காக மரத்தின் வெளிறை, அதாவது வெளிச்சுற்று மரத்தைத்தான் தின்னும், நடுவிலுள்ள வைரத்தைத் தொடாது. கொட்டுவது தூளாக இல்லாமல் கசகசா போல மணி மணியாக இருந்தால் அது உலர்மரக் கரையான், மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் ஜாதி, அந்தத் துண்டைக் கழித்துவிடுவதுதான் நல்லது. உளு இன்னும் உயிரோடு இருக்கிறதா, எப்போதோ தின்றுவிட்டுப் போய்விட்டதா என்று பார்க்க, மரத்தை நன்றாகத் தட்டித் துடைத்துவிட்டுக் கறுப்புத் துணி மேல் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெளிறிய புதுத்தூள் விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எதற்கும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள், மொத்தமாக உள்ளே இறங்குகிற இடத்தை வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

வைத்தியம் பெரிய செலவில்லை. ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 30 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 20 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, எண்ணெயோ பாலிஷோ படுவதற்கு முன்னால், எல்லாப் பக்கமும் பிரஷ்ஷால் இரண்டு முறை ஊறப் பூசிக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளையும் மாடு கன்றுகளையும் அண்டவிடாதீர்கள். இது மழையில் கரைந்து போகிற மருந்து, வீட்டுக்குள் மாட்டும் கடிகாரத்துக்கு அந்தக் கவலை இல்லை. வெயிலில் காயப்போட்டால் பூச்சி செத்துவிடாதா என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதிக்குப் போகும் மரத்தட்டுகளில் எச்.டி. என்று முத்திரை பார்த்திருப்பீர்கள், மரத்தின் நடுப்பாகம் வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிடம் நின்றது என்று அர்த்தம். மொட்டை மாடியில் சித்திரை வெயில் மேல்பக்கத்தைச் சுடும், உள்ளே அவ்வளவு ஏறியதா என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் வெயிலில் காயவைப்பதோடு வெங்காரத்தையும் பூசிவிடுங்கள்.

அப்புறம் அறுப்பு. சா மில்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மரம் முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள், இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஆணி வாளில் மாட்டினால் பல் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து, அதனால் மில்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுக்கும் கோட்டில் வராத ஆணித் தலைகள் அப்படியே இருக்கட்டும். அவற்றைச் சுற்றியுள்ள கறுப்பு, மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டான கறை, அதைப் போக்க வேண்டியதில்லை. காலின் நடுவிலிருந்து பலகை எடுக்காமல், கயிற்றுத்தடம் உள்ள முகத்தை 25 மி.மீ. கனத்தில் சீவி எடுக்கச் சொல்லுங்கள். உருண்டைக் காலாக இருந்தால் முன்முகம் வளைந்திருக்கும், பரவாயில்லை, மேடு நடுவில் இருக்கும்வரை முள் இடிக்காது. அறுத்த பலகை கொஞ்சம் கோணும், நிழலில் அடியில் குச்சி கொடுத்து இரண்டு வாரம் போட்டுவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

கடிகாரம் என்றதும் வட்டமாக வெட்டத் தோன்றும். காலின் அகலமே 5 அங்குலம்தான் இருக்கும், அதை வட்டமாக்கினால் கயிற்றுத்தடத்தில் பாதி போய்விடும். ஒன்றரை அடி உயரத்துக்கு நீளவாக்கிலேயே விட்டு, மேல்பாகத்தில் முள்ளை வைத்து, தடம் கீழே தெரியும்படி செய்யுங்கள். பெரிய முள் 5, 5.5 செ.மீ. இருந்தால் போதும். கூடத்துக்குப் பெரிதாக வேண்டுமென்றால் இரண்டு பலகையை ஒட்டுச் சேர்த்துப் பின்னால் குறுக்குச் சட்டம் அடிக்கலாம், ஆனால் அந்தச் சட்டத்தை ஃபெவிக்கால் போட்டு இறுக்காமல் ஸ்க்ரூ துளையை நீள்வட்டமாக விடுங்கள். ஐப்பசி மழைக்கு மரம் குறுக்கே விரியும், பங்குனியில் சுருங்கும், விளையாட இடம் இல்லாவிட்டால் நடுவில் வெடிக்கும்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன், நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஓசூர் டைட்டன் ஆலையால் பேர் வாங்கிய ஊர் என்றாலும் அங்கே செய்வது கைக்கடிகாரம், நமக்கு வேண்டியது சுவர்க் கடிகார மெஷின். அது குஜராத்தில் மோர்பி பக்கம் ஏராளமாகத் தயாராகிறது, தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையில் கேட்டாலே கிடைக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம், குறைந்த விலை மெஷினுக்குள்ளும் விநாடிக்கு 32,768 முறை அதிரும் அதே குவார்ட்ஸ் துண்டுதான் இருக்கிறது. பார்க்க வேண்டியது கழுத்து நீளத்தை, அதாவது மரத்தைத் தாண்டி முன்னால் வந்து முள்ளைத் தாங்கும் குழாயின் நீளத்தை. கடையில் சாதாரணமாகத் தருவது பிளாஸ்டிக் டயலுக்கான குட்டைக் கழுத்து, மரத்துக்கு அது எட்டாது. லாங் ஷாஃப்ட் என்று கேட்டு, மரை உள்ள பாகம் 12 மி.மீ.க்குக் குறையாததாக வாங்குங்கள். சத்தம் வேண்டாமென்றால் விநாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓடும் ரகமும் இருக்கிறது.

மெஷின் கைக்கு வந்த பிறகுதான் மரத்தில் துளை. முன்பக்கம் முள் வர வேண்டிய புள்ளியில் 3 மி.மீ. பிட்டால் நேராகப் பின்பக்கம் வரை துளைத்துவிடுங்கள், அந்தத் துளையை நடுவாக வைத்துப் பின்னால் 60 மி.மீ. சதுரம் வரையுங்கள், மெஷின் பெட்டி ஏறத்தாழ 56 மி.மீ. சதுரம்தான் இருக்கும். உளியாலோ ரவுட்டர் என்ற மின் குடைகருவியாலோ குடைந்து, முன்னால் 8 மி.மீ. மரம் மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். கடைசியில் நடுத்துளையை மெஷின் கழுத்துக்குப் பெரிதாக்குங்கள், பெரும்பாலும் 8 மி.மீ., அளந்துவிட்டுச் செய்யுங்கள். நட் உட்கார முன்பக்கம் 2 செ.மீ. வட்டம் மட்டம் வேண்டும், முன்முகத்தில் உளி படும் ஒரே இடம் அதுதான். கழுத்து மரத்துக்கு வெளியே 3, 4 மி.மீ. வந்தால் வாஷரும் நட்டும் நன்றாகப் பிடிக்கும். சின்ன முள், பெரிய முள் இரண்டையும் 12-ல் நிறுத்திப் பொருத்தி, பின்னால் உள்ள திருகைத் திருப்பி ஒரு முழுச் சுற்று விட்டு, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்குறிக்கு ஸ்டிக்கர் எண் வாங்காதீர்கள். கொட்டாயில் பிடுங்கிய பழைய ஆணியோ லாட ஆணியோ இருந்தால் 12, 3, 6, 9 நான்குக்கும் போதும், சின்னப் பிட்டால் துளை போட்டுவிட்டு அடியுங்கள், நேராக அடித்தால் காய்ந்த மரம் பிளக்கும். பன்னிரண்டும் வேண்டுமென்றால் காம்பஸால் வட்டம் போட்டு, அதே ஆரத்தை வட்டத்தின் மேல் ஆறு முறை வைத்து வாருங்கள், ஆறு புள்ளி விழும், அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வைத்தால் பன்னிரண்டு.

சுத்தம் செய்வது நைலான் பிரஷ்ஷால், ரேகை போகிற திசையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு. கொட்டாய்த் தூசியில் பழைய பூச்சிமருந்துப் பவுடர் கூட இருக்கலாம். கயிற்றுத்தடத்தையும் சுண்ணாம்பையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்புத்தாள் பின்பக்கத்துக்கும் கையில் குத்தும் விளிம்புக்கும் மட்டும். அந்தப் பச்சைக் கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சோடு போகும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அந்தப் பலகையை இந்த வேலைக்கே எடுக்க வேண்டாம்.

மேல்பூச்சுக்குப் பாயில்டு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாக ஒரு கை, ஒரு நாள் காய்ந்ததும் இன்னொரு கை. சுண்ணாம்புத் தடத்தின் மேல் எண்ணெய் படாமல் விடுங்கள், பட்டால் வெள்ளை மங்கிவிடும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அவை இறுகிக் காய்வதில்லை, தூசி பிடித்துப் பிசுபிசுக்கும். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், இது மிகைப்படுத்திச் சொல்வதில்லை. வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கடைசியாக மாட்டுவது. மெஷின் பெட்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், அது மரத்தின் எடைக்கு ஆகாது. பலகையின் பின்னால், மேலே, ஒரு இரும்புத் தகடுக் கொக்கியை இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள், சுவரிலும் ஆணிக்குப் பதில் பிளக் வைத்து ஸ்க்ரூ. ஒன்றரை அடிப் பலகை இந்தக் கனத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ வரும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே செல் போட்டு மேஜை மேல் சாய்த்து ஓடவிடுங்கள், நின்றாலோ உரசினாலோ மெஷினை மாற்ற நேரம் இருக்கும்.