செம்மண்ணும் கருவேல முள்ளும்: ரோடு சைக்கிள் கேள்வி-பதில்

காரைக்குடியிலிருந்து திருமயம் கோட்டை வரை விடிகாலையில் சைக்கிளில் போய்வருவதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "நானும் ஒன்று வாங்கலாமா?"

பைக் என்றால் நம்மூரில் மோட்டார் வண்டி. அதனால் ரோடு சைக்கிள் என்றே எழுதுகிறேன். வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. அரிமளத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா இதை முதன்முதலாகப் பார்த்தபோது, "மிச்சத்தை எப்பம்மா தருவாங்க?" என்று கேட்டார்.

வங்கியில் வேலை, வயது 34. ரூ.45,000 சேர்த்து வைத்திருக்கிறேன். டிஸ்க் பிரேக்கா, சாதா பிரேக்கா? 16 கியரா, 18 கியரா? எதை வாங்குவது?
- வாசகர், கோட்டையூர்

நீங்கள் கேட்டதெல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் உங்கள் காலளவைச் சொல்லுங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை (வீட்டில் பழைய பேரேடு இருந்தால் ரொம்ப விசேஷம்) கால்களுக்கு நடுவே கொடுத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தூக்குங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் அதுதான் காலளவு. முட்டைச் சுண்ணாம்பு பூசிய பழைய சுவராக இருந்தால் பென்சில் கோடு மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு வீட்டில் ஆச்சியிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

80 செ.மீ. வந்தால் அதை 0.883-ஆல் பெருக்குங்கள், 70.6 வரும். பெடல்கள் சுற்றும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை கிட்டத்தட்ட அந்த உயரம் இருக்க வேண்டும். கணக்கு பிடிக்காதவர்கள் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடங்காமல் நேராக நின்றால் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம், அப்போது முழங்கால் லேசாக மடங்கும்.

சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஃபிரேமை என்ன செய்ய முடியும்? பாரின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றால் குறைந்தது மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். பிரேக் லீவர்மேல் கை வைத்தால் முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் அந்த வண்டி உங்களுக்கில்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

தள்ளுபடியில் ஏமாந்தவள் சொல்கிறேன். என் காலளவு 74. எனக்கு 50 அளவு ஃபிரேம் சரியாக இருந்திருக்கும். பெருநகரக் கடை ஒன்றில் 54 அளவு வண்டியை விலை குறைத்து வைத்திருந்தார்கள். "சீட்டை இறக்கிக்கலாம் மேடம்" என்றார் விற்பனையாளர். இறக்கினேன். மூன்றாவது வாரம் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் சுண்டுவிரல் மரத்தது, காலை இட்லியைப் பிட்டால் விரலில் உணர்வே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றிப் பார்த்தேன். எட்டு மாதத்தில் பாதி விலைக்கு விற்றேன். வாங்கியவர் ஆறடி உயரம், இன்னும் சந்தோஷமாக ஓட்டுகிறார்.

அடுத்தது டயர். 28 மி.மீ.க்குக் குறையாதீர்கள், 32 இன்னும் நல்லது. மெயின் ரோட்டை விட்டு எந்த ஊருக்குள் திரும்பினாலும் செம்மண்ணும் சரளையும்தானே? நீங்கள் சொல்லும் சாதா பிரேக், அதாவது ரிம்மைப் பிடிக்கும் ரிம் பிரேக், மட்டமில்லை, ஆனால் அந்த வகை ரோடு ஃபிரேம் பலவற்றில் 28-க்கு மேல் நுழையாது. டிஸ்க் பிரேக் ஃபிரேம்களில் பொதுவாக 32 நுழையும். டிஸ்க் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

கியர் முன்னால் 2, பின்னால் 8 போதும். கியர் செய்யும் ஷிமானோ கம்பெனியில் கிளாரிஸ் என்பது பின்னால் 8, சோரா என்பது 9. அந்த ஒன்பதாவது பல்சக்கரத்துக்காக இன்னும் ஆறு மாதம் பணம் சேர்க்க வேண்டாம். நம் பக்கம் மலை எது? குன்றக்குடிக் குன்றுக்குப் படியேறித்தான் போகவேண்டும். உங்களைத் திணறடிக்கப்போவது ஆடிக்காற்று. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் இருந்தால் எதிர்காற்றிலும் உட்கார்ந்தபடியே மிதித்துவிடலாம்.

வண்டியை 40,000-க்குள் முடியுங்கள். மிச்சத்தில் ஹெல்மெட், மீட்டர் வைத்த தரைப் பம்ப், இரண்டு உபரி டியூப், விளக்கு.

எங்கள் ஐயா ஓட்டிய ஹெர்குலிஸ் வளவில் நிற்கிறது. அதில் 28 என்று போட்டிருக்கிறது. ரோடு சைக்கிள் டயரிலும் 28 என்று இருக்கிறது. அதன் டயரை இதற்குப் போடலாமா?
- கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

முடியாது தம்பி. ஐயா வண்டியில் 28 என்பது அங்குலம், சக்கரத்தின் மொத்த உயரம். ரோடு சைக்கிளில் 28 என்பது மி.மீ., டயரின் அகலம். போகட்டும், ரோடு சைக்கிள் சக்கரத்தையும் சிலர் 28 அங்குலம் என்றே சொல்கிறார்கள். அப்படியும் பொருந்தாது. டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் பழைய வண்டியில் 635 மி.மீ., ரோடு சைக்கிளில் 622. பதின்மூன்று மி.மீ. வித்தியாசம். டயரின் பக்கவாட்டில் 28-622 என்று சின்னதாக அச்சடித்திருக்கும். கடைக்காரரிடம் அதைப் படித்துச் சொல்லுங்கள்.

அந்த ஹெர்குலிஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஹெர்குலிஸ் தயாரிக்கும் டி.ஐ. சைக்கிள்ஸை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய முருகப்பா குடும்பம் உங்கள் பள்ளத்தூர்தான். ஊர்ப்பிள்ளை ஊருக்குத் திரும்பி வந்து நிற்கிற மாதிரி. பால்ஸ் மாற்றி, ஓவராயிலிங் செய்து, கடைத்தெருவுக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு பஞ்சர். எல்லாம் சீமைக்கருவேல முள். பஞ்சர் கடையில் ஒட்டினால் மறுநாளே இறங்கிவிடுகிறது. காற்றடிக்கவும் அவர்களிடம் வசதியில்லை என்கிறார்கள். விற்றுவிடலாமா என்று தோன்றுகிறது.
- ஆசிரியர், தேவகோட்டை

விற்காதீர்கள் சார். மறுநாளே இறங்குகிறது என்றாலே முள் டயருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் டியூபை ஒட்டுகிறார், டயரைப் பார்ப்பதில்லை. வெளியே நீட்டிய முள்ளைப் பிடுங்கும்போது நுனி ரப்பருக்குள் ஒடிந்து நின்றுவிடும். நாம் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி குத்தும்.

அப்பா கடையில் கற்ற வித்தை இது. டயரை மாட்டும்போதெல்லாம் அதன் கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுங்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டதும், வால்விலிருந்து அது எத்தனை சாண் என்று பாருங்கள். டயரில் பெயரிலிருந்து அதே தூரத்தில் முள் இருக்கும். அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சந்தேகம் வந்தால் இரண்டு பக்கமும் தேடுங்கள். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உள்ளே மெதுவாக ஓட்டுங்கள். எங்கே பஞ்சு இழை சிக்குகிறதோ அங்கே முள். அப்புறம் முள்வாங்கியால் உள்பக்கமிருந்து எடுங்கள். போன மாதம் ஒரே டயரில் மூன்று நுனி எடுத்தேன், மூன்றும் சேர்ந்து ஒரு சீரகம் அளவுகூட இல்லை.

ஒட்டும்போது உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். இந்த ஐந்து நிமிஷம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை. சீக்கிரம் காயட்டுமென்று நான் வாயால் ஊதினால் அப்பா தலையில் குட்டுவார், எச்சில் ஈரம் பட்டால் ஒட்டாதாம். வழியில் பஞ்சரானால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். உபரி டியூபை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேருங்கள், முள்ளை மட்டும் அங்கேயே தேடி எடுத்துவிட்டு.

காற்று விஷயம்: உங்கள் டியூபில் இருப்பது பிரெஸ்டா வால்வு. நமக்குப் பழக்கமான வால் டியூப் சமாசாரம் அதில் இல்லை. நுனியிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அமுக்கி 'புஸ்' என்றதும் பம்பை மாட்ட வேண்டும். பஞ்சர் கடைக் குழாயில் அடிக்க, பித்தளையில் மிளகளவு அடாப்டர் ஒன்று விற்கிறது. ஒன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது காற்றைப் பாருங்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ. போதும், டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. காற்று குறைந்த டயர் குழியில் இறங்கினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதற்கும் முள்ளைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று. ரோட்டோரக் கருவேலத்தை வெட்டிய நாட்களில் வெள்ளைக் கோட்டை ஒட்டி ஓட்டாதீர்கள். வெட்டியதை அள்ளிப்போவார்கள், முள்ளை யார் அள்ளுவது?

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? இல்லை நல்லெண்ணெயா?
- இல்லத்தரசி, காரைக்குடி

இரண்டையும் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். செம்மண் புழுதி அதில் அப்பினால் அது செயினல்ல, அரம். சைக்கிள் செயின் ஆயில்தான் சரி, அவசரத்துக்குத் தையல் மெஷின் ஆயில். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிஷம் கழித்து வெளியே தெரியும் எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். மழையில் நனைந்து வந்தால் முதலில் ஈரத்தைத் துடையுங்கள். துருப்பிடிப்பதையும் ஆராயும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-ல் அடிக்கல் நாட்டிய ஊர் உங்களுடையது, அங்கேயே செயின் துருப்பிடித்தால் எப்படி?

மாதம் ஒருமுறை பள்ளிக்கூட ஸ்கேலால் செயினை அளந்து பாருங்கள். புதுச் செயினில் ஊசிக்கு ஊசி 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டுவிட்டால் பின்னாலுள்ள பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு இந்தச் சைக்கிளில் போகலாமா?
- வாசகர், கண்டனூர்

போகலாம், ஆனால் பாதயாத்திரை நாட்களில் அந்த ரோடு நடப்பவர்களுடையது. முதலில் பிள்ளையார்பட்டிவரை பத்து முறை போய்வாருங்கள்.

வயது 42. எனக்கும் ஆசைதான். ஊர் என்ன சொல்லுமோ?
- பெயர் வேண்டாம், பொன்னமராவதி

சைக்கிள் கடைக்காரர் மகளான நான் 14 வயதுவரை சைக்கிள் ஏறியதில்லை. காற்றடிப்பேன், சக்கரத்தில் கோட்டம் எடுப்பேன், ஓட்டக்கூடாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பொட்டலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக விழுந்து எழுந்தார்கள். அப்பா கடையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி மிஞ்சாது. கல்லாவை எண்ணியபடியே ஒருநாள், "நீயும் எடுத்துட்டுப் போ" என்றார். அன்றைக்கு அரிமளமும் ஏதோ சொன்னது. என்ன சொன்னது என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

உங்கள் பிரச்சினை துப்பட்டாதான். இந்த வண்டியில் செயின் கவர் கிடையாது. துப்பட்டா வேண்டாம். பேண்ட்டின் வலது காலை ரப்பர்பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு என் வண்டியைக் கழுவி, டிஸ்க்கில் அழகாகச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாளிலிருந்து பிரேக் கத்துகிறது, பிடிக்கவும் மாட்டேன் என்கிறது.
- வாசகர், புதுவயல்

டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். பிரேக் பேடைக் கழற்றி உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். அப்படியும் கத்தினால் புதுப் பேடுதான். அடுத்த வருஷம் பொட்டை ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் நெற்றியில் வையுங்கள், எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வையுங்கள். ஏற்றி நசுக்கும்போது மட்டும் மெதுவாக.